ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய பேஸ்பால் கார்டு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

இந்தச் சேகரிப்பில் நான் காசு கொடுத்து வாங்கிய முதல் பழைய கார்டே தப்பான ஆளுடையது. ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான கௌரவப் பட்டியலில் இருக்கும் ஜார்ஜ் டேவிஸின் டி206 கார்டு (நூறு வருடத்துக்கு முந்தைய சிகரெட் பாக்கெட் கார்டுத் தொடர்) என்று நினைத்து, "டேவிஸ்" என்று அச்சடித்த ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது பிலடெல்பியாவின் ஹாரி டேவிஸ். அவர் ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை. விற்றவர் பொய் சொல்லவில்லை, நான்தான் சட்டையில் இருந்த ஊரைப் பார்க்கவில்லை. ஜார்ஜ் டேவிஸ் ஆடியது சிகாகோவுக்கு.

இப்படிச் சின்னதும் பெரிதுமாகப் பல தப்புகள் செய்து, ஐந்து வருடத்தில் இருநூறு கார்டைத் தாண்டியிருக்கிறேன். நீங்கள் அந்தத் தப்புகளைத் திரும்பச் செய்ய வேண்டாம் என்பதற்காக இதை வரிசையாக எழுதுகிறேன். அமெரிக்காவில் இருந்துகொண்டு வாங்குபவர்களை மனத்தில் வைத்த கணக்கு இது.

1. கார்டு வாங்கும் முன் விதியை எழுதுங்கள்

ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் ஊரான கூப்பர்ஸ்டவுனின் பட்டியல் 350 பேரைத் தாண்டிவிட்டது. அதில் ஆட்டக்காரர்கள் சுமார் 280 பேர், மீதிப் பேர் மேனேஜர்கள், அம்பயர்கள், நிர்வாகிகள். "ஆளுக்கு ஒன்று" என்று சொல்வது சுலபம். ஆனால் கீழே உள்ள மூன்று கேள்விக்கும் முதலிலேயே பதில் எழுதி வைக்காவிட்டால், பாதி வழியில் விதியை மாற்றி, வாங்கியதையே திரும்ப வாங்குவீர்கள். நான் பதினொரு பேருக்கு அப்படி வாங்கினேன்.

ஆட்டக்காரர்கள் மட்டுமா, எல்லோருமா? எல்லோரும் என்றால் இரும்பாலை முதலாளிகள் போன்ற முகங்களுக்கெல்லாம் கார்டு தேட வேண்டியிருக்கும். நான் ஆட்டக்காரர்களோடு நிறுத்திக்கொண்டு, சுலபமாகக் கிடைத்த மற்றவர்களைத் தனி உறையில் வைத்திருக்கிறேன். சூயிங்கம் பாக்கெட்டோடு வந்த 1955 போமேன் தொடரில் ஜாக்கோ கான்லன், அல் பார்லிக் என்று அம்பயர்களுக்கே கார்டு உண்டு. 1956 டாப்ஸ் தொடரின் முதல் இரண்டு கார்டுகளும் லீக் தலைவர்களான ஹாரிட்ஜும் ஜைல்ஸும்தான். பையன்கள் பாக்கெட்டைப் பிரித்து இந்தக் கோட் போட்ட தாத்தாக்களைப் பார்த்தபோது என்ன சொல்லியிருப்பார்கள்!

"பழையது" எந்த வருடம் வரை? 1980 வரை என்பது நான் வைத்த கோடு. 1981இல் ஃப்ளீரும் டான்ரஸ்ஸும் டாப்ஸுக்குப் போட்டியாக வந்த பிறகு ஆட்டமே மாறிவிடுகிறது. சிலர் 1973இல் நிறுத்துவார்கள், டாப்ஸ் தன் கார்டுகளைத் தவணை தவணையாக வெளியிட்ட கடைசி வருடம் அது. எந்தக் கோடானாலும் சரி, கிழித்த பிறகு மாற்றாதீர்கள். 1980க்குப் பிறகு வந்த இச்சிரோ, கென் கிரிஃபி ஜூனியர் போன்றவர்களுக்கு ரூக்கி கார்டு (ஆட்டக்காரரின் முதல் வருடக் கார்டு) என்று தனி விதி வைக்கலாம். எண்பதுகளின் கடைசியில் வந்த ரூக்கி கார்டுகள் மலைமலையாக அச்சடிக்கப்பட்டவை. பலருடையது ஒன்றிரண்டு டாலருக்கே கிடைக்கும்.

ஆடிக்கொண்டிருந்த காலத்தில் வந்த கார்டுதான் வேண்டுமா, ஓய்வுக்குப் பிறகு வந்த பழைய கார்டும் போதுமா? மொத்தச் செலவைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். பேப் ரூத் ஆடிய காலத்து 1933 கௌடி கார்டு கசங்கிப்போயிருந்தாலும் பல ஆயிரம் டாலர். அதே ரூத்துக்கு 1962 டாப்ஸ் ஒரு தனி வரிசையே போட்டது, 135 முதல் 144 வரை உள்ள எண்கள். அதில் ஒன்றைச் சில பத்து டாலரில் முடிக்கலாம். அதுவும் அறுபது வயது தாண்டிய கார்டுதான். "முடிந்தால் ஆடிய காலம், முடியாவிட்டால் 1980க்கு முந்தைய ஏதாவது ஒன்று" என்பது என் விதி. வெட்கப்பட ஒன்றுமில்லை.

2. பெயர்ப் பட்டியலும் பெயர்க் குழப்பமும்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போடுங்கள். பெயர், ஆடிய வருடங்கள், ஆடிய அணிகள், குறிவைக்கும் கார்டு, மாற்றுக் கார்டு, உச்ச விலை, வாங்கிய தேதி, மொத்தச் செலவு என்று எட்டுக் கட்டம் போதும். அணிகளும் வருடங்களும் ஏன் என்றால், பழைய கார்டுகளில் பெரும்பாலும் கடைசிப் பெயர் மட்டும்தான் இருக்கும். கீழே உள்ளவற்றை உங்கள் பட்டியலில் சிவப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.

டி206இல் டெலஹன்டி என்று பார்த்தால் வாங்காதீர்கள். ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கும் எட் டெலஹன்டி 1903இலேயே இறந்துவிட்டார். டி206 வந்தது 1909க்கும் 1911க்கும் நடுவில். அதில் இருப்பது அவருடைய தம்பிகள். ஐம்பதுகளின் டாப்ஸ் கார்டுகளில் வரும் ஃபிராங்க் தாமஸ், பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர். நீங்கள் தேடும் ஃபிராங்க் தாமஸின் கார்டு 1990இல்தான் வருகிறது. 1983 டாப்ஸில் ஒரு ராண்டி ஜான்சன் உண்டு, அவரும் நீங்கள் தேடுபவரில்லை. எழுபதுகளில் வரும் கென் கிரிஃபி, அப்பா. காலின்ஸ் விஷயத்தில் மட்டும் தப்பு செய்தாலும் நஷ்டமில்லை: மினியாபொலிஸ் ஜிம்மி காலின்ஸ், பிலடெல்பியா எட்டி காலின்ஸ் இரண்டு பேரும் உள்ளே இருப்பவர்கள்.

3. பணத்தை மூன்று பையாகப் பிரியுங்கள்

முதல் வருடம் எல்லோரும் செய்வது ஒன்றே. எழுபதுகளின் டாப்ஸ் கார்டுகளாக வாங்கி நூறு பேரை முடிப்பார்கள். மூன்று டாலர், ஐந்து டாலர் என்று போகும். பட்டியல் வேகமாக நிறையும், சந்தோஷமாக இருக்கும். அப்புறம் காப், ரூத், கெரிக், ஜாக்கி ராபின்சன், மேண்டில் என்று ஒரு சுவர் முன்னால் வந்து நிற்பார்கள். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

அதனால் மாதம் நூறு டாலர் ஒதுக்குகிறீர்கள் என்றால் முப்பதை மலிவுக் கார்டுகளுக்கும், முப்பதை நூறு இருநூறு டாலர் கார்டுகளுக்கும் வையுங்கள். மீதி நாற்பதைத் தொடாதீர்கள். அது பெரிய பெயர்களுக்கான உண்டியல். வருடத்துக்கு ஒன்று அதிலிருந்து வாங்கினால் போதும். என் முதல் பெரிய கார்டு ஜாக்கி ராபின்சனின் 1956 டாப்ஸ். குறுக்கே ஒரு மடிப்பு இருந்ததால்தான் என் கைக்கு எட்டியது.

இன்னொரு ஆலோசனை: தரத்தில் ஆசைப்படாதீர்கள். பத்துக்கு ஒன்று, இரண்டு தரத்தில் இருக்கும் கார்டும் அதே கார்டுதான். மூலை உருண்டிருக்கும், மடிப்பு இருக்கும், பின்னால் யாரோ பென்சிலில் கூட்டல் போட்டிருப்பார்கள். முகம் தெளிவாக இருக்கிறதா, பெயர் படிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். கிழிந்து பாதி போனதும், டேப் ஒட்டியதும் வேண்டாம். திரும்ப விற்க முடியாது.

4. யாரை எந்தத் தொடரில் தேடுவது

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்களுக்கு ஓல்ட் ஜட்ஜ் சிகரெட் கார்டுகள்தான் முக்கிய வழி. அட்டையில் ஒட்டிய உண்மையான சின்னப் புகைப்படங்கள் அவை. வெளிறிப்போனது விலை குறையும், ஆனால் முகமே தெரியாத அளவுக்கு வெளிறியதை வாங்கினால் பிறகு வருத்தப்படுவீர்கள். சில நூறு டாலரிலிருந்து தொடங்கும். 1887 ஆலன் அண்ட் கின்டர் தொடரில் பேஸ்பால்காரர்கள் பத்தே பேர், அதில் கேப் ஆன்சன், கிங் கெல்லி உட்பட ஆறு பேர் ஹால் ஆஃப் ஃபேம். அழகான நிறங்கள், அதற்கேற்ற விலை.

1900 முதல் 1915 வரை ஆடியவர்களுக்கு டி206. அதிகம் கிடைக்கும், போலியைப் பிடிக்க வழியும் தெரியும், ஒரே தொடரில் நிறையப் பேர் முடிவார்கள். காப், சை யங், மேத்யூசன், வால்டர் ஜான்சன் விலை மேலே நிற்கும். ஆனால் பாபி வாலஸ், விக் வில்லிஸ், ஹியூ டஃபி, ஜோ கெல்லி, ஜேக் பெக்லி மாதிரி அவ்வளவாகக் கொண்டாடப்படாதவர்களைத் தாழ்ந்த தரத்தில் நூறு சொச்சம், இருநூறு டாலருக்குள் நான் வாங்கியிருக்கிறேன். டி206 ஹோனஸ் வாக்னரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், 2022இல் ஒன்று 72 லட்சம் டாலருக்கு மேல் போனது. அவருக்கு 1940 ப்ளே பால், 1948 லீஃப், 1960, 1961 ஃப்ளீர் என்று வழிகள் இருக்கின்றன. தன் படம் புகையிலைக் கார்டில் வரக்கூடாது என்று வாக்னர் சொன்னதாகப் பரவலாகப் பேசப்படும் கதை நினைவிருந்தால், லீஃப் கார்டைப் பாருங்கள். வாயில் புகையிலையைத் திணித்துக்கொண்டிருப்பார்.

1920களில் ஆடியவர்கள்தான் தலைவலி. அந்தப் பத்து வருடத்தில் நல்ல பெரிய தொடர் குறைவு. கேரமல் மிட்டாயோடு வந்த இ120, இ121 கார்டுகளையும், கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கும் ஸ்ட்ரிப் கார்டுகளையும் பாருங்கள். ஸ்ட்ரிப் கார்டில் படம் அசிங்கமாக இருக்கும், ஓரம் கோணலாக இருக்கும். மலிவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். பிடிக்காவிட்டால் 1933 கௌடி வரை ஆடினாரா என்று பாருங்கள். 240 கார்டு கொண்ட அந்தத் தொடர் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். அதற்கு அடுத்து டயமண்ட் ஸ்டார்ஸ், ப்ளே பால்.

1948க்குப் பிறகு போமேனும் டாப்ஸும் இருப்பதால் தேடுவது பெரிய வேலையில்லை. ஒரே நுணுக்கம்: ரூக்கி வருடத்தை விட்டு விலகி, ஆட்ட வாழ்க்கையின் நடுவிலோ கடைசியிலோ வாங்குங்கள். வில்லி மேஸ், ஹாங்க் ஆரன் இருவருக்கும் எழுபதுகளின் கார்டுகள் ஐம்பதுகளில் வந்தவற்றின் விலையில் ஒரு துண்டுதான். மேண்டிலுக்கு அறுபதுகளின் கடைசி. சாண்டி கோஃபாக்ஸ் 1966இல் ஓய்வு பெற்றதால் அவருக்கும் எழுபதுகள் என்று ஒன்று கிடையாது, காத்திருக்காதீர்கள்.

எதுவும் கிடைக்காதவர்களுக்கு மூன்று மீட்பர்கள் உண்டு. 1961 ஃப்ளீர் 154 கார்டுகள், முழுக்கப் பழைய நட்சத்திரங்கள், பல கார்டுகள் ஐந்து பத்து டாலருக்குள் கிடைக்கும். 1960 ஃப்ளீரும் அப்படியே. 1950இல் தொடங்கிய காலஹன் தொடர் ஹால் ஆஃப் ஃபேம் உறுப்பினர்களை மட்டுமே கறுப்பு வெள்ளைக் கோட்டோவியமாகப் போட்டது. பார்க்க எளிமையாக இருந்தாலும் என் ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் அதுதான்.

5. நீக்ரோ லீக் ஆட்டக்காரர்கள்

கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர்களைத் தள்ளிப்போடாதீர்கள். விதியை இவர்களை வைத்துத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். நிறவெறி இந்தக் கறுப்பின ஆட்டக்காரர்களைப் பெரிய லீக்கிலிருந்து ஒதுக்கித் தனி லீக்குகளில் ஆட வைத்தது, சூயிங்கம் கம்பெனிகளும் கார்டு போடவில்லை. ஜோஷ் கிப்சன் 1947 ஜனவரியில் இறந்தார், அந்த ஒதுக்கலை உடைத்து ஜாக்கி ராபின்சன் பெரிய லீக்கில் முதல் ஆட்டம் ஆடுவதற்கு மூன்று மாதம் முன்பு. அவருக்கு போமேன் கார்டும் இல்லை, டாப்ஸ் கார்டும் இல்லை. பழைய கார்டு என்றால் புவெர்டோ ரிக்கோவில் அவர் இறந்த பிறகு வந்த டோலெடெரோஸ் ஒன்று. அதன் விலையில் கார் வாங்கலாம். ஆஸ்கார் சார்ல்ஸ்டன், பாப் லாயிட் போன்றவர்களுக்கு 1920களின் கியூபா கார்டுகள், அவையும் அபூர்வம்.

சாதாரணச் சம்பளக்காரருக்கு வழி 1974இல் பாப் லாஃப்லின் வரைந்து வெளியிட்ட 36 கார்டுகள். நீக்ரோ லீக் நட்சத்திரங்களுக்காகவே போட்ட தொடர். 1978இல் இன்னொரு 36 போட்டார். 1980க்கு முந்தையவை என்பதால் என் விதிக்குள் வருகின்றன. தனித்தனியாகத் தேடாமல் முழுத் தொடராக வாங்குங்கள், அஞ்சல் செலவே மிச்சமாகும். பெரிய லீக்கிலும் ஆடிய மான்டி இர்வின், லாரி டோபி, ராய் காம்பனெல்லா ஆகியோருக்குச் சாதாரண போமேன், டாப்ஸ் கார்டுகள் உண்டு. சாட்சல் பேஜுக்கு 1953 டாப்ஸ், எண் 220. டாப்ஸ் போட்ட அவருடைய ஒரே கார்டிலும் பெயரில் ஒரு எழுத்தைக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். போலி என்று பயப்பட வேண்டாம். 2006இல் ஒரே நேரத்தில் 17 பேர் சேர்க்கப்பட்டார்கள். அதில் சிலருக்கு 1980க்கு முந்தைய கார்டே எனக்கு இன்னும் அகப்படவில்லை. அந்தப் பெயர்களுக்கு வெற்று உறை வைத்திருக்கிறேன்.

6. போலியும், ஓரம் வெட்டியதும்

என் பெரிய நஷ்டம் இங்கேதான். ஒரு கண்காட்சியில் மேசை போட்டிருந்த ஒருவரிடம் 1933 கௌடி ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி வாங்கினேன். மூலைகள் கூர்மையாக, தொண்ணூறு வயதுக்கு நம்ப முடியாத அழகு. அசலா என்று பார்த்துத் தரம் குறித்துத் தரும் நிறுவனத்துக்கு அனுப்பினேன், "ஓரம் வெட்டப்பட்டது" என்று திரும்பி வந்தது. கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. தரமிடும் கட்டணம் வேறு போயிற்று. தேய்ந்த கார்டின் ஓரத்தைச் சீவினால் மூலை கூர்மையாகிவிடும், அவ்வளவுதான் வித்தை. உலகப் புகழ்பெற்ற டி206 வாக்னர் கார்டையே சீவியதாக அதை விற்ற பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் எப்போதும் மூன்று பொருள் வைத்துக்கொள்ளுங்கள். பத்து மடங்கு பெருக்கும் சின்ன லென்ஸ், புற ஊதா டார்ச், அதே தொடரின் மலிவான அசல் கார்டு ஒன்று. மூன்றும் சேர்ந்து நாற்பது டாலரைத் தாண்டாது.

சந்தேகக் கார்டை அந்த மலிவுக் கார்டின் மேல் வைத்து அளவு பாருங்கள். கௌடி அகலம் 2 3/8 அங்குலம், உயரம் 2 7/8. 1957 முதல் டாப்ஸ் 2 1/2க்கு 3 1/2. டி206 அந்தக் காலத்திலேயே முன்னே பின்னே வெட்டப்பட்டதால் அளவு மட்டும் போதாது, ஓரத்தின் நிறத்தையும் பாருங்கள். முகப்பு பழுத்திருக்க ஓரம் மட்டும் வெள்ளையாக இருந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

லென்ஸில் பெயர் எழுத்துகளைப் பாருங்கள். அசல் டி206இல் எழுத்து ஒரே மையாக, முழுக் கோடாக இருக்கும். அசலைப் படம் பிடித்து அச்சடித்த மறுபதிப்பில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடையும். டார்ச் இருட்டில்: இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காகிதம் மங்கலாகக் கிடக்கும், பளீரென்று நீல வெள்ளையில் ஒளிர்ந்தால் புதுக் காகிதம். டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கியதையும் இந்த டார்ச் காட்டிக்கொடுக்கும்.

"தாத்தாவின் பரண் மேல் கிடைத்தது, எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்ற வாசகத்தோடு காப், ரூத், வாக்னர் மூவரும் ஒன்றாக விற்பனைக்கு வந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.

7. எங்கே வாங்குவது, கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன

ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், "விற்றவை" என்ற வடிகட்டியைப் போட்டு, போன விலையைப் பாருங்கள். பேரம் பேசி முடிந்ததில் ஈபே உண்மை விலையைக் காட்டாது, 130பாயின்ட் தளத்தில் அது தெரியும். கடைசி ஐந்து விற்பனையின் நடு விலைதான் உங்கள் உச்ச விலை.

ஏல நிறுவனங்களில் நீங்கள் கேட்கும் தொகை கடைசித் தொகை அல்ல. வாங்குபவர் கமிஷன் பெரும்பாலும் 20 சதவீதம். 500 டாலருக்கு எடுத்தால் 600, அதன் மேல் மாநில விற்பனை வரி, அனுப்பும் செலவு. 660 வரை வந்து நிற்கும். கமிஷனைக் கழித்துவிட்டுத்தான் கேட்கும் தொகையை முடிவு செய்ய வேண்டும்.

மலிவுக் கார்டுகளுக்கு சி.ஓ.எம்.சி. தளம் நல்லது. பல பேரிடம் வாங்கியதை அங்கேயே சேர்த்துவைத்து ஒரே பார்சலாக அனுப்பச் சொல்லலாம். மூன்று டாலர் கார்டுக்கு ஐந்து டாலர் அஞ்சல் கொடுக்கும் முட்டாள்தனத்தை நான் ஒரு வருடம் செய்தேன்.

தனி ஆளிடம் வாங்கும்போது பேபாலில் "நண்பர், குடும்பம்" வழியாக அனுப்பச் சொல்வார்கள், மூன்று சதவீதம் மிச்சம் என்பார்கள். வேண்டாம். அந்த வழியில் வாங்குபவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அந்த மூன்று சதவீதத்தை நீங்களே கூடுதலாகக் கொடுத்து "பொருள், சேவை" வழியாக அனுப்புங்கள்.

நேரில் பார்க்க ஆசை என்றால் ஜூலை கடைசி அல்லது ஆகஸ்டில் நடக்கும் நேஷனல் கண்காட்சி. 2025இல் சிகாகோ பக்கம் ரோஸ்மாண்டில் நடந்தது, ஊர் சில வருடங்களில் மாறும். கடைசி நாள் மதியம் போங்கள். மேசைக்காரர்கள் திரும்பத் தூக்கிப்போக அலுத்துப்போய் விலை இறங்குவார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் இன்னும் இறங்குவார்கள். ஒரே ஆளிடம் நாலைந்து எடுத்து மொத்த விலை கேளுங்கள்.

8. தரமிட்டு வாங்குவதா?

என் கோடு 150 டாலர். அதற்கு மேல் போனால் பி.எஸ்.ஏ. அல்லது எஸ்.ஜி.சி. என்ற தரமிடும் நிறுவனங்களின் பெட்டியில் அடைத்ததை மட்டுமே வாங்குவேன். பெட்டியில் உள்ள எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, படம் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுங்கள், ஏனென்றால் பெட்டிக்கே போலி வந்துவிட்டது. நீங்களே தரமிட அனுப்புவது இந்தச் சேகரிப்புக்குக் கட்டுப்படியாகாது. கார்டின் மதிப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும், போக வர அஞ்சலும் காப்பீடும் உங்கள் தலையில். சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். இருபது டாலர் கார்டுக்கு இது தேவையா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

9. எப்போது வாங்குவது

டிசம்பரில் பழைய ஆட்டக்காரர்களுக்கான குழு முடிவு, ஜனவரியில் பத்திரிகையாளர்கள் வாக்கு, ஜூலையில் கூப்பர்ஸ்டவுனில் விழா. பெயர் அறிவித்த அந்த இரவே விலை எகிறும். டிக் ஆலனும் டேவ் பார்க்கரும் 2024 டிசம்பரில் தேர்வானார்கள். ஆலனின் 1964 டாப்ஸை நவம்பரிலேயே எடுத்து வைத்திருந்தேன், பார்க்கரின் 1974 டாப்ஸை விட்டுவிட்டேன். வேட்பாளர் பட்டியல் வெளியானதுமே, வருவார் என்று தோன்றுகிறவர்களின் மலிவுக் கார்டை வாங்கிப் போடுங்கள். வராவிட்டாலும் போவது நாலு டாலர். அறிவிப்புக்குப் பிறகுதான் கவனித்தீர்கள் என்றால் அவசரப்படாதீர்கள், விழா முடிந்து இலையுதிர் காலம் வரட்டும்.

10. காகிதமும் பாதுகாப்பும்

வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ரசீது, பணம் கட்டிய பதிவு, முன்னும் பின்னும் படம் என்று மூன்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். கமிஷன், வரி, அஞ்சல் எல்லாம் சேர்த்த மொத்தச் செலவை எழுதுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து லாபத்தில் விற்றால், சேகரிப்புப் பொருள் என்ற கணக்கில் மத்திய வரி 28 சதவீதம் வரை போகலாம். வாங்கிய விலைக்கு ஆதாரம் இல்லாவிட்டால் லாபம் எவ்வளவு என்று வாதாட முடியாது.

வீட்டுக் காப்பீடு இதற்கும் சேரும் என்று நம்பி இருக்காதீர்கள். பெரும்பாலான பாலிசிகளில் இதற்குச் சின்ன வரம்பு இருக்கும். மொத்தம் சில ஆயிரம் டாலரைத் தாண்டியதும் சேகரிப்புக்கென்று தனிப் பாலிசி எடுங்கள். அவர்கள் முதலில் கேட்பது மேலே சொன்ன கோப்பைத்தான்.

பி.வி.சி. கலந்த ஆல்பத் தாள் வேண்டாம், வருடக்கணக்கில் கார்டோடு ஒட்டிக்கொள்ளும். மெல்லிய உறை, அதற்கு மேல் கெட்டி உறை. டி206க்கு அதன் அளவிலேயே உறை கிடைக்கும். பெரிய உறையில் போட்டால் உள்ளே ஆடி ஆடி மூலை போகும். அடித்தளம், பரண் இரண்டிலும் வைக்காதீர்கள். என் வீட்டில் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டு, புடவைகளுக்குப் பக்கத்தில். அந்த இடத்துக்கு அனுமதி வாங்கியதுதான் இந்தப் பத்துப் படியிலும் அதிக நாள் பிடித்தது.